பிடி அரிசியும் பரணும்

படியால் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தனிச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் அம்மா அரிசி களைவாள். மதுராந்தகத்துப் பக்கம் எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது. அந்த ஒரு பிடியால் எங்களுக்குச் சோறு குறைந்ததாக நினைவில்லை. ஆனால் மாதக் கடைசியில் சட்டியைக் கவிழ்த்தால் இரண்டு படி அரிசி தேறும். அடைமழையில் வேலை இல்லாத வாரங்களுக்கு அதுதான் துணை.

குழந்தைகளுக்கு உடற்பருமன் வருவதும் அந்தச் சட்டி நிறைவதைப் போலத்தான். ஒரு நாள் விருந்தில் எந்தப் பிள்ளையும் குண்டாவதில்லை. தினமும் ஒரு பிடி மிச்சமாகிறது. அது உடம்பில் ஓர் இடம் பார்த்துப் போய்ச் சேர்கிறது. இரண்டு வருஷம் கழித்து, யூனிஃபார்முக்கு அளவெடுக்கிற டெய்லர் சொல்லித்தான் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிகிறது.

இதை எழுத என்னை உட்கார வைத்தது ஒரு பையனின் கழுத்து. செங்கல்பட்டில், கொளவாய் ஏரிப் பக்கம் நாங்கள் இருக்கும் தெருவில், பக்கத்து வீட்டுப் பெண் போன கோடையில் தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஒன்பது வயது அவனுக்கு. "அக்கா, இவன் கழுத்தைக் கொஞ்சம் பாருங்களேன். பயத்தம் மாவு போட்டுத் தேய்க்கிறேன், பீர்க்கங்காய் நாரால தேய்க்கிறேன், இந்த அழுக்கு மட்டும் போகவே மாட்டேங்குது." பையன் தலையைக் குனிந்து நின்றான். பிடரியில் வரி வரியாகக் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடித்திருந்தது. தேய்த்துத் தேய்த்து ஓரமெல்லாம் தோல் சிவந்திருந்தது. "சரியாக் குளிக்கிறதே இல்லை" என்று பாட்டியும் திட்டினாளாம்.

அது அழுக்கே இல்லை. அது என்னவென்று சொல்ல வேண்டுமானால், அவன் உடம்புக்குள் இயங்கும் சமையலறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுப்பு, டப்பா, பரண்

காலையில் அவன் மூன்று இட்லி சாப்பிடுகிறான். இட்லியில் இருக்கும் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகிறது. ரத்தத்தைச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வந்த சாமானெல்லாம் முதலில் மேடையில்தான் இறங்கும். ஆனால் மேடையில் எதையும் நெடுநேரம் போட்டு வைக்க முடியாது, அடுத்த வேலை நடக்காது. அதனால் கணையம் உடனே ஆள் அனுப்புகிறது. அந்த ஆளின் பெயர் இன்சுலின். மேடையைக் காலி செய்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பதுதான் அவன் வேலை.

முதலில் அடுப்புக்குக் கொடுப்பான். இதயம், ஓடுகிற கால், வளர்கிற எலும்பு எல்லாம் எரிகிற அடுப்புகள். அடுப்புக்குப் போக மிஞ்சியதை அரிசி டப்பாவில் போடுவான். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேர்த்து வைக்கப்படுகிறதே, அதுதான் டப்பா. அது சிறியது. வளர்ந்த மனிதனின் ஈரலிலேயே சுமார் 100 கிராம்தான் பிடிக்கும், பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. ராத்திரி படுத்து காலையில் எழுந்திருப்பதற்குள் ஈரலின் டப்பா வெகுவாகக் குறைந்துபோகும். டப்பாவும் நிறைந்துவிட்டால் மிச்சத்தைக் கொழுப்பாக்கிப் பரணில் ஏற்றுவான். சாப்பாட்டோடு வந்த எண்ணெய்க்கு இந்தச் சுற்றுகூட இல்லை. நேரே பரணுக்குப் போய்விடும். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. சிறிய மூட்டையில் பெரிய சரக்கு.

இன்சுலினுக்கு இன்னொரு குணமும் உண்டு, அதைக் கவனியுங்கள். அவன் வேலை செய்துகொண்டிருக்கும் வரை பரணுக்குப் போகிற ஏணியை எடுத்து ஓரமாக வைத்துவிடுவான். சாமான் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது பரணிலிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை அல்லவா? மேடை காலியாகி, அடுப்புக்குப் பசிக்கும்போதுதான் ஏணி திரும்ப வரும். நான்கு மணிக்கு பிஸ்கட், ஐந்து மணிக்கு ஜூஸ், ஏழு மணிக்கு சிப்ஸ், ஒன்பது மணிக்குச் சாப்பாடு, படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால் என்று போகும் வீட்டில் ஏணியை வைக்கவே நேரம் கிடைப்பதில்லை.

வீட்டுப் பரணுக்கும் உடம்பின் பரணுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கொத்தனார் கட்டிய பரண் அப்படியே இருக்கும். குழந்தையின் பரணோ சாமானுக்கேற்றபடி புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போகும். பிள்ளைப் பருவத்திலும் வாலிபத் தொடக்கத்திலும் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை கூடுகிறது, இருபது வயதை ஒட்டி அது நிலைத்துவிடுகிறது. ஸ்டாக்ஹோமில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு செல் செத்துப் புதிது வருகிறது, மொத்தக் கணக்கு மாறுவதில்லை. பெரியவர்கள் எடை குறைத்தாலும் செல்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கை குறைவதில்லை. சிறு வயதில் கட்டிய பரணைப் பிறகு இடிக்க முடியாது, காலியாக வைத்துக்கொள்ளத்தான் முடியும். "வளர்ந்தா சரியாயிடும்" என்று நாம் சொல்லும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

கேட்காத விசில்

பரண் நிறைந்தால் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாமா? தெரியும். கொழுப்பு செல்களே ஒரு குரல் கொடுக்கின்றன: "போதும், இருக்கிறது." லெப்டின் என்ற அந்தச் சுரப்பை 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழுவினர் கண்டுபிடித்தார்கள். மூன்று வருஷம் கழித்து, கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் நெருங்கிய உறவான இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தான் வழி வந்த குடும்பம். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. அவர்கள் உடம்பில் லெப்டின் சுரக்கவே இல்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. அந்தச் சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடை இறங்கியது. பசி ஒரு குழந்தையின் குணக்கேடு என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இந்தக் குறை மிக மிக அபூர்வம். நம் தெருவில் குண்டாக இருக்கும் பிள்ளைகளுக்கு லெப்டின் தாராளமாகச் சுரக்கிறது. அங்கே கோளாறு வேறு. குக்கர் விசில் அடிக்கிறது, டிவி சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடுகிறது, ஆனால் மூளை அதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். பசியைத் தூண்டும் சுரப்பு ஏறி, போதும் என்கிற குரல் இறங்கிவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிகிற வீடுகளில் அது கிடைப்பதில்லை.

வயிற்றிலிருந்தும் ஒரு விசில் வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மென்று விழுங்கும் உணவு அந்த நேரத்தைக் கொடுக்கிறது. மாமல்லபுரம் பேருந்து நிலையத்தருகே கரும்பு ஜூஸ் பிழிவதைப் பாருங்கள். ஒரு டம்ளருக்குப் போகும் கரும்பை ஒரு பிள்ளை கடித்துத் தின்ன வேண்டுமானால் தாடை வலித்துப் பாதியில் போட்டுவிடுவான். பிழிந்து கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்பான். பாக்கெட் தீனிகளும் கிட்டத்தட்டப் பிழிந்த கரும்புதான். வாயில் வைத்ததும் கரையும்படியே செய்யப்படுகின்றன. அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் இருபது பெரியவர்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு, இரண்டிலும் வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

இப்போது அந்த ஒரு பிடியை அளந்து பார்க்கலாம். 300 மில்லி குளிர்பானத்தில் சுமார் 32 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல். பையன் காபியில் ஆறு ஸ்பூன் சர்க்கரை போட்டால் கையிலிருந்து பிடுங்கிவிடுவோம். பாட்டிலில் வந்தால் நாமே மூடியைத் திறந்து கொடுக்கிறோம். 30 கிலோ எடையுள்ள பிள்ளை அந்த ஒரு பாட்டிலை எரிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். இரண்டும் சேர்ந்தும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததாகத் தோன்றாது, ராத்திரிச் சாப்பாடு வழக்கம்போல நடக்கும். இதுதான் நம் காலத்துப் பிடி அரிசி.

பஞ்சம் கண்ட அடுக்களை

இன்னொரு கேள்வி இருக்கிறது. நம் பிள்ளைகள் கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் தள்ளி நிற்கிறார்களே, ஏன்?

புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார். அங்கே கிராமத்துக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை வெகுவாகக் குறைவாக இருந்தது, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்புள்ள குழந்தை. தாய் சரியான ஊட்டமில்லாமல் கர்ப்பத்தைச் சுமக்கும்போது, வயிற்றில் இருக்கும் பிள்ளை பஞ்ச காலத்து வீட்டைப் போலத் தன்னை அமைத்துக்கொள்கிறது: அடுப்பு சிறியது, பரணுக்கு முதல் மரியாதை. பின்னாளில் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் தங்களையே அளந்துகொண்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு 22.3, ஒரே எண். யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடம்பில் 21.2.

பஞ்சம் நம் கரைக்குப் புதிதல்ல. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் செங்கல்பட்டு ஜில்லாவும் வாடியது. பக்கிங்காம் கால்வாயின் சென்னைத் துண்டு, பஞ்ச நிவாரண வேலையாகப் பட்டினி கிடந்தவர்கள் கையால் 1877-78இல் வெட்டப்பட்டது. அதே கால்வாய் கோவளம், மாமல்லபுரம் வழியாகத் தெற்கே போகிறது. இன்று அதன் ஒரு பக்கம் ஓஎம்ஆர், மறுபக்கம் ஈசிஆர். அடுக்குமாடிகள், துரித உணவுக் கடைகள், பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வரும் டெலிவரி பைக்குகள். குறைவுக்குப் பழகிய அடுக்களைக்குள் மூட்டை மூட்டையாகச் சாமான் இறங்குகிறது.

இந்தியாவில் 5 முதல் 19 வயதுவரை உடற்பருமன் உள்ளவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம், 2022இல் 1.25 கோடி என்று லான்செட் இதழில் வந்த உலக ஆய்வு கணக்கிட்டது. 2025இல் யுனிசெஃப், இந்த வயதில் எடை குறைந்த பிள்ளைகளைவிட உடற்பருமன் உள்ளவர்கள் உலக அளவில் அதிகமாகிவிட்டார்கள் என்றது. தெற்காசியா இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இங்கே இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. ஒரே தாலுகாவில் இரத்தசோகையும் உண்டு, உடற்பருமனும் உண்டு.

நமக்கு மிக அருகில் உள்ள கணக்கு சென்னையுடையது. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 51 பள்ளிகளில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை அளந்து 2014இல் வெளியிட்டது. சர்வதேச அளவுகோலின்படி அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காடு. ஒரே ஊர், ஒரே அரிசி, ஒரே சாம்பார். வித்தியாசம் எங்கே? வாசலுக்கு வரும் வேன், பையில் இருக்கும் காசு, கையில் இருக்கும் போன், மாலை டியூஷன் என்பதுதான் என் முடிவு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மதியம் சோறும் முட்டையும் உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கிறது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலையில் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சாம்பாரோடு வருகின்றன. ஆனால் அந்த 3.6ஐ நம்பி உட்காரக் கூடாது. ஐந்து ரூபாய் பாக்கெட் எந்தக் குப்பத்துப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது.

அணைந்த அடுப்பு

சாமானைப் பற்றியே பேசி அடுப்பை விட்டுவிடக் கூடாது. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், கேளம்பாக்கம் என்று எங்கே பார்த்தாலும் தோப்பும் களமும் மனையாகிவிட்டன. காலை ஏழு மணிக்கு வேன், மாலை ஐந்து மணிக்கு வேன், ஜிஎஸ்டி சாலையைக் கடந்து ஒரு பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்கும் விளையாட்டு வேண்டும் என்கிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் பள்ளியில் அந்த 60 எங்கிருந்து வரும்?

தேவனேரிக் கடற்கரையில் ஒரு மாலை நின்று பார்த்தேன். படகுகளுக்கு நடுவே பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். அவர்கள் அதையெல்லாம் எண்ணவில்லை, இருட்டும் வரை ஓடினார்கள். அங்கே பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு பெண் பிள்ளைகூடக் கண்ணில் படவில்லை. பெரியவளான மறுநாளே நம் பெண்களுக்கு மைதானம் மூடப்படுகிறது. அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு, பின்னால் "இவ ஏன் இப்படி ஊதறா" என்று கேட்கிறோம். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

வழியில் கிடக்கும் மூட்டைகள்

பரணில் இடம் போதாதபோது என்ன ஆகும்? மூட்டைகளைக் கூடத்தில் வைப்போம், நடையில் வைப்போம், கடைசியில் அடுப்புக்கு முன்னாலேயே அடுக்குவோம். உடம்பிலும் கொழுப்பு அப்படித்தான் ஈரலுக்குள்ளும் தசைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்குகிறது. இப்போது இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் மூட்டை அடைத்துக்கொண்டு கதவு திறப்பதில்லை. ஓர் ஆள் போதாது என்று கணையம் இரண்டு ஆளை, நான்கு ஆளை அனுப்புகிறது. ரத்தம் முழுக்க இன்சுலின். அது தோல் செல்களையும் தேவைக்கு மேல் வளரத் தூண்டுகிறது. பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்பார்கள். பக்கத்து வீட்டுப் பையனின் கழுத்தில் இருந்தது அதுதான். உள்ளே திணறும் கணையம் வெளியே எழுதி அனுப்பிய சீட்டு. அதைத்தான் நாரால் தேய்த்து அழிக்கப் பார்த்தோம்.

வருஷக்கணக்கில் ஆள் அனுப்பிக் களைத்த கணையம் ஒரு நாள் கையை விரிக்கும். பெரியவர்களின் வியாதி என்று இருந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பதின்பருவத்திலேயே வருவது அப்படித்தான். ஈரலில் கொழுப்பு படிவது சத்தமே இல்லாமல் நடக்கும், வலிக்காது. பெண் பிள்ளைகளுக்கு அதிக இன்சுலின் சினைப்பையைத் தொந்தரவு செய்து மாதவிலக்கைத் தள்ளிப்போடும், முகத்தில் முடி வளரும். ராத்திரி குறட்டை விட்டு மூச்சுத் திணறும் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுவான், மக்கு என்று பெயர் வாங்குவான். பருமனான பிள்ளை இடுப்போ முட்டியோ வலிக்கிறதென்று நொண்டினால் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது.

இதையெல்லாம்விட முதலில் வருவது கேலி. பூசணிக்காய், குண்டூஸ், ரோடு ரோலர். கேலிக்குப் பயந்து பிள்ளை விளையாடப் போவதில்லை. வீட்டிலேயே இருக்கிறான், போன் பார்க்கிறான், பாக்கெட் பிரிக்கிறான். உறவுக்காரர்கள் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டு "கொஞ்சம் குறைச்சுக்கோ" என்கிறார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்கி வந்தவர்கள் பெரியவர்கள், மைதானத்தை விற்றவர்கள் பெரியவர்கள். திட்டு மட்டும் பிள்ளைக்கு.

எடையைக் குறைக்கிறேன் என்று வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை அதே இடத்தில் நின்று உயரம் கூடினாலே போதும், பரண் தானாகக் காலியாகும். மாற வேண்டியது மளிகைச் சீட்டு. வீட்டுக்குள் வராத பாக்கெட்டுக்கு அழுகை ஒரு வாரம்தான். அவித்த வேர்க்கடலை, சுண்டல், கடித்துத் தின்னும் கொய்யா, கேழ்வரகுக் கூழ், நெத்திலிக் குழம்பு எல்லாம் நம் கரையிலேயே கிடைக்கின்றன. சோறு ஒரு கரண்டி குறைந்து பொரியலும் பருப்பும் ஒரு கரண்டி ஏறட்டும், குண்டான பிள்ளைக்கு மட்டும் இல்லாமல் வீட்டில் எல்லார் தட்டிலும். பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது ஒன்றைக் கேளுங்கள்: கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறை இருக்கிறது. அது உங்கள் பள்ளி வாசலில் நடக்கிறதா?

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தாண்டவில்லை. அவன் அம்மா நாரைத் தூக்கிப் போட்டுவிட்டாள். மாலையில் அவனோடு அவளும் ஏரிக்கரைப் பக்கம் நடக்கிறாள்.

நீங்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டியிருந்தால், உச்சி முதல் குதிகால் வரை அளந்து ஒரு கயிறு வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு முனையும் தொட்டுக்கொண்டு கொஞ்சம் மிச்சமும் இருந்தால் நல்லது. எட்டவில்லை என்றால், பிள்ளையை ஒரு வார்த்தை திட்டாமல், பக்கத்தில் இருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.